சூடு கழித்த அளவு

பதினான்கு சீட்டுகளில் பதின்மூன்று லோகநாதன் பக்கம் பேசின. பதினான்காவது பேசவில்லை. அதை மட்டும் அச்செடுத்து நான்காக மடித்து, மாத்திரை டப்பாவின் அடித்தட்டில், யாரும் கை வைக்காத இடத்தில் வைத்திருந்தார்.

லோகநாதன் வெள்ளியாம்பதி பால் சொசைட்டியில் இருபத்தாறு வருஷமாகப் பரிசோதகர். ஊரார் கொண்டுவரும் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வது வேலை. சொசைட்டியில் அனலைசர் இயந்திரம் ஒன்று உண்டு. அது மாதத்தில் பாதி நாள் மெக்கானிக்கை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும். அந்த நாட்களுக்கு அந்தக் காலத்துக் கண்ணாடிப் பால்மானிதான் கதி. பாலுக்குள் விட்டால் மிதக்கும். நல்ல பாலில் மேலே நிற்கும், தண்ணீர் சேர்ந்த பாலில் ஆழமாக அமுங்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் தவறாமல் ஒரு தப்பைச் செய்வார்கள். கறந்த சூடு ஆறாத பாலில் மானியை விட்டுவிடுவார்கள். சூட்டில் பால் இளகிக் கிடக்கும், மானி அமுங்கும், நல்ல பாலைத் தண்ணீர்ப்பால் என்று காட்டிக்கொடுத்துவிடும். லோகநாதனே சேர்ந்த முதல் வாரத்தில் அப்படி ஒரு நல்ல மனுஷியை வரிசையில் நிற்க வைத்துக் கள்ளியாக்கியிருக்கிறார். அன்று முதல் அவருக்கு ஒரு சட்டம்: புறங்கையால் தொட்டுப் பார், சூடில்லை என்றால் மானியை விடு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். இதை வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலும் சொல்லிக்கொண்டே இருப்பார். மனைவி சுகந்திக்கு அது மனப்பாடம்.

மாசி மாதம் வாய்க்குள் ஒரு கொப்புளம் வந்தது. சூட்டுக் கொப்புளம் என்று மோர் குடித்தார். பத்தே நாளில் முதுகு, மார்பு, தொடை என்று பரவி, துண்டு பட்டால் தோல் துண்டோடு வந்தது. சொந்த உடம்பே சொந்தத் தோலை அந்நியன் என்று நினைத்து உரித்துப் போடுகிற நோய். பெரியாஸ்பத்திரித் தோல் வார்டில் டாக்டர் ஜெசிந்தா சுற்றி வளைக்கவில்லை.

"ஸ்டீராய்டுதான் வழி. ஒரு நாளைக்கு எண்பது மில்லிகிராம். பெரிய டோஸ். முகம் ஊதும். பேய்ப்பசி எடுக்கும். தூக்கம் போகும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். உப்பைக் குறைக்கணும். பயந்துபோய் நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நாங்கதான் படிப்படியா இறக்குவோம்." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் கோபம் வரும். சாதாரணக் கோபம் இல்லை," என்றார்.

சுகந்தி சிரித்துவிட்டாள். "இவருக்குக் கோவமுங்களா? கல்யாணமாகி இருபது வருசமாச்சுங்க டாக்டர். ஒரு கெட்ட வார்த்தை இவரு வாயில வந்து நான் பார்த்ததில்லீங்க. பார்க்க வேண்டிய எடத்துலகூடப் பார்த்ததில்லீங்க."

லோகநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தன்னைப் புகழும்போதெல்லாம் அவர் அப்படித்தான் கீழே பார்ப்பார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"அதுக்காகத்தான் இது," என்று டாக்டர் ஒரு சாம்பல் நிறப் பட்டையை எடுத்து அவர் இடது மணிக்கட்டில் மாட்டினார். "குணமானி. பெரிய டோஸ்ல இருக்கற எல்லாருக்கும் இப்ப இது கட்டாயம். நீங்க சத்தமாப் பேசினா அந்தப் பேச்சைப் பதிஞ்சுக்கும். அந்த நிமிஷம் உங்க வியர்வையில மருந்து எவ்வளவு, நாடி எப்படின்னு பார்த்து, அந்தப் பேச்சுல மருந்தோட பங்கு எவ்வளவு, உங்க பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லும். சீட்டு உங்க போனுக்கு வரும், கூட இருந்து பாத்துக்கறவங்க போனுக்கும் வரும்."

"பிரிச்சு என்னுங்க பண்றது?"

"முன்னெல்லாம் இந்த மருந்தால எத்தனை குடும்பம் உடைஞ்சிருக்கு தெரியுமா? நோய் போயிடும், வீடும் போயிடும். இப்ப சட்டம் வந்தாச்சு. மருந்தோட பங்கு அறுபதுக்கு மேல இருந்தா அது நீங்க சொல்லாத சொல். போலீஸோ, ஆபீஸோ, சொந்தக்காரங்களோ அதை உங்க மேல வெச்சுப் பேசக்கூடாது."

லோகநாதனுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதுபோல, பேச்சில் மருந்து எவ்வளவு. நல்ல ஏற்பாடு என்று அவருக்குத் தோன்றியது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஜனங்கள் கையில் கிடைத்தால் எந்த ஏற்பாடும் நாலு நாளில் தன் குணத்தைக் காட்டிவிடும். அடுத்த கட்டிலில் இருந்த லாரி புரோக்கர், சொத்துப் பிரிக்கிற அன்றைக்குத் தம்பியை நன்றாக நாலு கேட்க வேண்டும், அதுவரைக்கும் டோஸைக் குறைக்காதீர்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினார். எதிர்க் கட்டில் வாத்தியார் மாமியாரை வைதுவிட்டுச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பினார். மாமியார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டார், அத்துடன் விவகாரம் தீர்ந்தது. மன்னிப்பு என்ற சொல்லே அந்த வார்டில் மெல்ல வழக்கொழிந்து கொண்டிருந்தது. சீட்டு இருக்கிறவனுக்கு அது எதற்கு?

இரண்டாவது வாரத்திலேயே லோகநாதனுக்குச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. வீட்டுக்கு அனுப்பிய பிறகு ரசத்தில் உப்பில்லை என்று தட்டைச் சுவரில் அடித்தார். மருந்தின் பங்கு 84. பதினோரு இட்லி தின்றும் பசி அடங்காமல், பன்னிரண்டாவது எங்கே என்று சுகந்தியைக் கேட்ட கேள்வி 79. அவள் சீட்டைப் பார்த்துவிட்டுச் சுவரைத் துடைத்தாள். களிம்பு பூசும்போது கை நடுங்கக்கூடாதென்று நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அவருக்கு உப்பில்லாத சாப்பாடு என்பதால் தானும் உப்பில்லாமலே சாப்பிட்டாள். அதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

கொப்புளம் கொஞ்சம் அடங்கியதும் சொசைட்டிக்குப் போனார். முதல் நாளே சாந்தாமணி கொண்டுவந்த பாலைத் தண்ணீர் என்று சொல்லி, கேனோடு தரையில் கவிழ்த்தார். சீட்டு வந்தது: 88. அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார் சொசைட்டித் தலைவர். சாந்தாமணி நின்று நிதானமாகப் படித்தாள்.

"சரீங்க சார். வஞ்சது மாத்திரைன்னே வெச்சுக்கறனுங்க," என்றாள். "ஆனா காலையில எந்திரிச்சுக் கறந்தது நாந்தானுங்களே."

லோகநாதனுக்கு முகம் சுட்டது. ஆனால் 88 இருக்கிறபோது ஒரு மனிதன் எதற்குக் கூச வேண்டும் என்று தேற்றிக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் தங்கை மகளுக்குக் காது குத்து. இரண்டு வயதுக் குழந்தை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு மடி செல்லாது. லோகநாதன் வரமாட்டேன் என்று ஒரு வாரம் முரண்டு பிடித்தார். அப்போது கன்னம் இரண்டும் உப்பிக் கண்கள் உள்ளே போயிருந்தன. பிடரியில் ஒரு திமில். சவரம் செய்தாலும் கன்னத்து மேட்டிலெல்லாம் பூனைமயிர். வீட்டிலிருந்த கண்ணாடிகளைச் சுகந்தி சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் பரணில் போட்டிருந்தாள். "மாமன் இல்லாம காது குத்துவாங்களா? வாங்க, நானும் பக்கத்துலயே நிக்கறேன்," என்று அவள்தான் முழுக்கைச் சட்டை மாட்டிக் கூட்டிப்போனாள்.

உறவில் எந்த விசேஷமானாலும் பால் அண்டாவுக்கு லோகநாதன்தான் காவல். அன்றைக்கும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நூறு லிட்டர் அண்டாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றார். மேலே தகரப் பந்தல், வெளியே அக்கினி வெயில், முன்னால் அடுப்பு. அண்டாவைக் கிண்டுகிறவன் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருக்குப் பெரிய சௌகரியம்.

நேரமானதும் கூப்பிட்டார்கள். கரண்டியை வைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து மணையில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அது அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் வீறிட்டு, முதுகை வில்லாக வளைத்து, அம்மாவிடம் தாவியது. மறுபடி வைத்தார்கள், மறுபடி வீறிட்டது. "மாமன் மூஞ்சியப் பார்த்தா நாம்பளே அழுகோணுமாட்ட இருக்குது, பச்சைப் புள்ள என்ன பண்ணும்," என்றார் ஒரு பங்காளி. பந்தல் சிரித்தது. சுகந்தி முன்னால் வந்தாள்.

"குடுங்க, சித்த நேரம் நான் வெச்சு அமத்தறேன்," என்று கை நீட்டினாள்.

"அவ கையில புள்ளையக் குடுக்காதீங்க," என்றார் லோகநாதன். "ஒண்ணத் தண்ணியில விட்டவ அவ."

பந்தலில் சிரிப்பு நின்றது. ஆசாரி ஊசியை மறுபடி தட்டில் வைத்தார். குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தது.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். லோகநாதனுக்கும் சுகந்திக்கும் இனியன் என்று ஒரு பையன் இருந்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நாலு வயதில், வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போய்விட்டான். நிலத்தடித் தொட்டி, இரும்பு மூடி. காலையில் துணி துவைக்கத் தண்ணீர் மொண்டவள் சுகந்தி. மூடினாளா, மூடவில்லையா என்று அவளுக்கே நினைவில்லை. முதல் ஒரு வருஷம் லோகநாதனிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும், "விடு சுகந்தி, நடந்தது நடந்து போச்சு," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பெற்ற பிள்ளையை வாரிக் கொடுத்தும் பெண்டாட்டியை ஒரு சொல் சொல்லாதவன், மகராசன் என்று ஊரே சொன்னது. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவர் செருப்பைப் பார்ப்பார்.

"அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க, அது மாத்திரை பேசுது. இப்பச் சீட்டு வரும் பாருங்க," என்று தங்கை ஓடிவந்து சுகந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டு வந்தது. இருவர் போனும் ஒன்றாக ஒலித்தன. மருந்தின் பங்கு: 6. ஆளின் பங்கு: 94.

"எவ்வளவுங்க அண்ணா?" என்றாள் தங்கை.

"இன்னும் வரலை," என்றார் லோகநாதன்.

சுகந்தி தன் போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பைக்குள் போனைப் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்காராமல், தாராபுரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் தனியாக இருந்தார். சர்க்கரையைத் தானே குத்திப் பார்த்துக்கொண்டார். முதுகுப் புண்ணுக்குக் கை எட்டாது. துடைப்பக் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் களிம்பு பூசக் கற்றுக்கொண்டார். பசிக்கு வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துக்கொண்டு மென்றார். எண்பது அறுபதாயிற்று, நாற்பதாயிற்று, இருபதாயிற்று. முகம் வற்றியது. தோல் ஆறியது. உடம்பு அவரை மன்னித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காலையில் பல் துலக்கும்போது, பந்தலில் நீட்டிய அந்த இரண்டு கைகளும், ஒட்ட வெட்டிய நகங்களோடு, நினைவுக்கு வந்துவிடும். அப்படியே வாயில் நுரையோடு உட்கார்ந்துவிடுவார். வெட்கம் என்றால் இன்னது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அது வயிற்றில் இருந்தது. பசி மாதிரியே இருந்தது, ஆனால் வெள்ளரிக்காய்க்கு அடங்கவில்லை.

சுகந்திக்கு அவர் போன் செய்யவில்லை. என்ன என்று சொல்வது? மருந்துதான் பேசியது என்றால் ஆறு என்கிறது சீட்டு. நான்தான் பேசினேன் என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது பேச?

ஆடி மாதம் ஒரு காலை, வரிசையில் சாந்தாமணி கேனை நீட்டினாள். பழக்கதோஷத்தில் லோகநாதன் புறங்கையால் கேனைத் தொட்டார்.

"சூடா இருக்குது. ஆறட்டும். இப்ப மானியை விட்டா..."

முடிக்கவில்லை. கையில் மானியோடு அப்படியே நின்றார். இடது மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தார். அண்டா. ஆவி. தகரப் பந்தல்.

"சார், ஆறிப்போச்சுங்க," என்றாள் சாந்தாமணி கொஞ்ச நேரம் பொறுத்து.

அன்று மதியமே ஆஸ்பத்திரியில் இருந்தார். "டாக்டர், இந்தப் பட்டை வேர்வையிலதானே மருந்தைப் பார்க்குது? அன்னிக்கு ஒரு மணி நேரம் அடுப்பு முன்னால நின்னனுங்க. தண்ணியா ஊத்துச்சு வேர்வை. தண்ணி கலந்தா எதுவுமே கம்மியாத்தானுங்க காட்டும்? என்ற வேலையே அதுதானுங்க. சூட்டைக் கழிக்காம இது அளந்திருக்குது."

டாக்டர் ஜெசிந்தா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கணினியில் அன்றைய பதிவைத் தேடி எடுத்தார்.

"மணிக்கட்டுச் சூடும் தனியாப் பதிவாயிருக்கு. நாற்பத்தொண்ணு டிகிரி," என்றார் கடைசியில். "இதைச் செஞ்சவங்க குளிர்சாதன அறையில வெச்சுச் சோதிச்சிருப்பாங்க போல. நம்ம ஊரு கல்யாணச் சமையல்கட்டை யாரும் நினைச்சுப் பார்க்கலை. நான் மேலிடத்துக்கு எழுதறேன். இனிமே எல்லாருக்கும் சூட்டைக் கழிச்சுத்தான் பார்க்கணும். உங்களுக்கு இப்பவே கணக்குப் போட்டுத் தரேன்."

புதுச் சீட்டு அச்சாகி வந்தது. மருந்தின் பங்கு: 71.

லோகநாதன் அதை இரண்டு தடவை படித்தார். அழுகை வந்தது. 71. சொல்லாத சொல். சட்டமே சொல்லிவிட்டது.

"உங்க டோஸ் அஞ்சுக்கு வந்தாச்சு. இனி இது வேண்டாம்," என்று டாக்டர் பட்டையைக் கழற்றினார். கழற்றிக்கொண்டே, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மருந்துக்குப் பேசத் தெரியாது. அது கதவைத்தான் திறந்து விடும். உள்ளே எது இருக்கோ அதுதான் வெளியே வரும்," என்றார்.

"எழுபத்தொண்ணு இருக்குதுங்களே டாக்டர்," என்றார் லோகநாதன், சீட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டே.

மறுநாள் தாராபுரம் பஸ்ஸில் டாக்டர் சொன்னது உடன் வந்தது. உள்ளே எது இருந்தது? சுகந்தி மேல் கோபம் இருந்ததா? இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே பூட்டி வைத்திருந்தது வேறு. கதவு திறந்ததும் அது அவள் பேரைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சீட்டு இருந்தது.

அக்கா சந்தைக்குப் போயிருந்தார். சுகந்தி முன்வாசலில் முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள்.

"மூஞ்சி வத்தியிருச்சுங்க," என்றாள். "பழைய ஆளாட்டவே இருக்கீங்க. முதுகுக்கு யாரு களிம்பு போட்டுவிட்டாங்க?"

அவர் சீட்டை எடுத்து நீட்டினார். நின்றுகொண்டே பால் அண்டாவைச் சொன்னார், வியர்வையைச் சொன்னார், நாற்பத்தொரு டிகிரியைச் சொன்னார். படபடவென்று, பரீட்சையில் பாஸாகி வந்தவனைப்போலச் சொன்னார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிப் படித்தாள்.

"அப்ப அதுவும் நீங்க சொல்லலீங்களா?" என்றாள்.

"இல்ல சுகந்தி. மருந்துதான். சட்டப்படியே..."

அவள் சீட்டை முறத்தின் ஓரத்தில் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு வெங்காயத்தை எடுத்து மேலே வைத்தாள்.

"ஆறுன்னு வந்தப்ப செத்துறலாமாட்ட இருந்துச்சுங்க," என்றாள். "ரெண்டு மாசம் உங்க பேரைக் கேட்டாலே ஆகாது. பொறவு ஒரு நாளு, இங்கயே உக்காந்திருந்தப்ப, மனசு லேசான மாதிரி இருந்துச்சு. ஏன்னு யோசிச்சேன். பதினோரு வருசமா நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. ஏண்டி மூடாமப் போனேன்னு ஒரு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கேக்கவே இல்லை. ஊரு உங்களை மகராசன்னு சொல்லுச்சு. மகராசன்கூடக் குடும்பம் நடத்தறது எவ்வளவு கஷ்டம்னு யாருக்குத் தெரியும்? என்ன நினைக்கறீங்கன்னே தெரியாது. அன்னிக்குத்தான், அத்தனை பேரு முன்னால, மனசுல இருந்ததைச் சொன்னீங்க. சொல்லிட்டாரு, இனி ரெண்டு பேரும் பேசிக்கலாம்னு நினைச்சேன்." கதவுப் பக்கம் தலையை அசைத்தாள். அங்கே ஜிப் போட்ட ஒரு துணிப்பை சுவரில் சாய்ந்திருந்தது. "நாளைக்கு ஊட்டுக்கு வரலாம்னு பையெல்லாம் கட்டி வெச்சிருக்கறேன். இப்ப வந்து அதுவும் மாத்திரைங்கறீங்க. பொறவு நீங்க எப்பத்தான் பேசுவீங்க?"

லோகநாதன் அந்தப் பையைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆறுதான் சரி, நான்தான் சொன்னேன் என்றால் அவள் எழுந்து வந்துவிடுவாள். அவருடைய கோபத்தை மன்னிப்பாள், களிம்பு பூசுவாள், உப்பில்லாமல் சாப்பிடுவாள். இதைவிட லேசாக யாருக்கு வீடு திரும்பக் கிடைக்கும்?

"ஆறுதான் சரி," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "நாந்தான் சொன்னேன்."

அவள் முகம் இளகியது. அழுவாள் என்று எதிர்பார்த்தார், அழவில்லை. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நாந்தான் மூடலைன்னு நீங்களும் நினைச்சிருக்கீங்க," என்றாள். வெகுநாளாகத் தூக்கிவந்த சுமைக்கு ஒரு பக்கம் கை கொடுக்க ஆள் வந்ததுபோல இருந்தது அவள் பேச்சு. "இருங்க, அக்காளுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்தர்றேன்."

அவள் பையைத் தூக்கினாள். ஒட்ட வெட்டிய நகங்கள். இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். யாருக்குக் களிம்பு பூச?

"நீ மூடியிருந்தே," என்றார் லோகநாதன்.

அவள் திரும்பினாள்.

"தொட்டியை நீ மூடியிருந்தே சுகந்தி. பதினோரு மணிக்கு ஊட்டுக்கு வந்தேன், சாம்பிள் பாட்டில் கழுவ. நீ அடுப்படியில இருந்தே. மூடி போட்டிருந்துச்சு. நாந்தான் தூக்கித் தள்ளி வெச்சேன். பால் டேங்கர் வந்திருச்சுன்னு போன் வந்துச்சு. அப்பிடியே போட்டுட்டு ஓடிட்டேன்."

சுகந்தி பையைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"மூடினனா, மூடினனான்னு உங்ககிட்டத்தானே கேட்டேன்," என்றாள்.

"கேட்டே."

"ஒரு வருசம் கேட்டேன்."

"ஆமா."

"விடு, நடந்தது நடந்து போச்சுன்னீங்க."

"ஆமா," என்றார். தலையைத் தூக்க முடியவில்லை. செருப்பைப் பார்த்தார். இந்தத் தடவை அதற்குப் பெயர் அடக்கம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

சுகந்தி பையைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம் மட்டும் இருந்தது.

"இதுக்குச் சீட்டு வராதுங்களா?"

"வராது."

அவள் கையை விட்டாள். பிறகு புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். வெங்காய வாசனை அடிக்கிற, ஈரமான கை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சூடில்லை," என்றாள். கையை எடுத்துக்கொண்டு போய், வாசற்படியில், பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."